கீபோர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை

என் கணவருக்கு எது கெட்டுப்போனாலும் புதிதாக மாட்டினால் தீர்ந்தது. மும்பை தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருக்கிறார். ஜிப் போனால் வேறு ஜிப், வார் போனால் வேறு வார். கம்ப்யூட்டரும் அவருக்கு ஒரு பைதான்.

பிள்ளை பெற்று வீட்டோடு இருந்துவிட்ட பிறகு எனக்கு வந்த முதல் நேர்காணல் அது. பக்கத்திலேயே சயானில் ஒரு சிறிய கம்பெனி. வீட்டிலிருந்தே லேப்டாப்பில் பேசினால் போதும். இதைக் கோட்டை விட்டால் இனி யார் கூப்பிடப்போகிறார்கள்? இவரைச் சமையல் மூலையில் அசையாமல் உட்காரச் சொல்லியிருந்தேன்.

எதிர்முனையில் இருந்த அம்மாள் ஒரு சின்ன புரோகிராமை ஓட்டச் சொன்னார். அது பாஸ்வேர்டு கேட்டது. பாஸ்வேர்டு யார் கண்ணிலும் படக்கூடாது என்று, தட்டுகிற எழுத்து திரையில் விழாமல் நிறுத்திவைத்தது. நான் தப்பாகக் கொடுத்ததும், அந்த நிறுத்தத்தை எடுக்காமலே புரோகிராம் முடிந்துபோனது. பிறகு எதைத் தட்டினாலும் திரையில் ஒன்றுமில்லை.

நம் கட்டளைகளை வாங்கி ஓட்டுகிற ஷெல் ஏன் இதைச் சரிசெய்யவில்லை என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். விடை தெரியும். "தி ஷெல்... ஆக்சுவலி..." என்பதற்கு மேல் ஆங்கிலம் வரவில்லை.

அதற்குள் இவர் பக்கத்து வீட்டுக் கீபோர்டை வாங்கிக்கொண்டு, கேமராவில் படாமல் தரையில் தவழ்ந்து வந்துவிட்டார். படாமல் வருகிற உடம்பா அது!

"ஏட்டி, அது செத்துப்போச்சு. இத மாட்டு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கீபோர்டுக்கு ஒண்ணும் ஆகலங்க. நம்ம வீட்டுக்கு ஒருத்தர் வந்து லைட்ட அணைச்சுட்டு, 'போய்ட்டு வாரேன்'னு ஒழுங்காச் சொல்லிட்டுப் போறாருன்னு வைங்க. அணைஞ்சேதான் இருக்கணும் போலன்னு நெனச்சு அப்படியே விட்டுரும் இந்த ஷெல்லு. வந்தவரு பாதியில செத்து விழுந்தாத்தான் அதுவா எந்திச்சு லைட்டப் போடும். இந்தப் புரோகிராம் சொல்லிட்டுல்லா போயிருக்கு! தட்டுறது உள்ள போய்க்கிட்டுதான் இருக்கு, பாருங்க."

பழையபடி ஆக்கும் கட்டளையைக் கண்ணுக்குத் தெரியாமலே தட்டினேன். எழுத்துகள் திரும்பி வந்தன.

அப்போதுதான் மைக்கை அணைக்காதது உறைத்தது. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதத்தானேம்மா கேட்டேன்! முதல்லயே தமிழ்ல சொல்லியிருக்கப்படாதோ? நானும் மாட்டுங்காத் தமிழ்க்காரிதான். திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்கோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் தரையில் கிடந்தபடியே கேமராவைப் பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டார்.