அண்ணன் மில்லுக்குப் பூ விழாத கதை

எனக்குச் சந்தேக புத்தி என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். சங்கரன்கோவில் பூச்சந்தையில் கடை வைத்தவளுக்குச் சந்தேகம் இல்லாவிட்டால் சாயங்காலம் வெறுங்கூடைதான் மிஞ்சும். மூட்டை கொண்டுவருகிறவன் காலையில் பறித்த பூ என்பான். முந்தின நாள் பூவில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்திருப்பான். மூட்டையின் அடியில் கைவிட்டுப் பார்க்காமல் நான் பூ வாங்கியதே இல்லை. அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு ஆளை மட்டும் மேலாகப் பார்த்து நம்பினேன்.

எண்பதுகளின் தொடக்கம். அப்பா போய்ச் சேர்ந்து, கடை என் கைக்கு வந்திருந்தது. தம்பி பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தான். நெட்டையன், நிலையில் தலை இடிக்காமல் ஒரு நாளும் வெளியே போனதில்லை. ஆனால் கூடைப்பந்து ஆடுகிறபோது பார்க்க வேண்டும். எந்த மூலையில் நின்று எறிந்தாலும் பந்து வளையத்துக்குள் விழும். அதை வைத்து அவனுக்கு ஒரு நிரந்தர வேலை வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அப்போது என் ஒரே கவலை.

ஊருக்கு வெளியே இரண்டு நூல் மில்கள் இருந்தன. ஒரே குடும்பத்து அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டவை. இரண்டிலும் கூடைப்பந்து அணி உண்டு. ஆட்டக்காரனாக எடுத்தால் மில்லில் வேலையும் கொடுப்பார்கள். அண்ணன் மில்லில் எடுத்த அன்றே நிரந்தரம், குடியிருக்க வீடு. தம்பி மில்லில் முதலில் தினக்கூலி. நன்றாக ஆடினால் பிறகு நிரந்தரம். ஒரு தடவை ஒரே பையனுக்காக இரண்டு மில்லும் அடிதடி வரைக்கும் போனதால் ஊர்ப் பெரியவர்கள் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரப் பையன்கள் ஆடும் போட்டி முடிந்ததும் மில் பிள்ளையார் கோவிலில் பூக்கட்டிப் போடுவது. வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். மூத்தவர் மரியாதைக்கு அண்ணன் மில் கோச் ஒன்றை எடுப்பார். மிச்சம் தம்பி மில்லுக்கு. வெள்ளை யாருக்கோ அவர்கள் முதலில் ஒரு பையனைக் கேட்கலாம். அடுத்தவர்கள் மிச்சமிருப்பவர்களில் ஒருவனைக் கேட்கலாம். வருஷத்துக்கு ஆளுக்கு ஒருவன், அவ்வளவுதான்.

இதில் விசேஷம் என்னவென்றால், எனக்குத் தெரிந்து அண்ணன் மில்லுக்கு வெள்ளைப்பூ விழுந்ததே கிடையாது. நல்ல பையன்களெல்லாம் தம்பி மில்லுக்கே போனார்கள். கரிவலத்திலிருந்து ஒருவன், ராயகிரியிலிருந்து ஒருவன் என்று பார்த்துப் பொறுக்கி, அவர்கள் கோப்பைக்கு மேல் கோப்பை வாங்கினார்கள். அண்ணன் மில்லுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் முதலாளி வீட்டுச் சிபாரிசுகள். ஒருவனுக்குப் பந்து வேகமாக வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம். இன்னொருவன் பந்தைத் தட்டாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவான். விசில் ஊதி ஊதி நடுவருக்கு வாய் வலித்திருக்கும். இப்படி ஒரு அணி தோற்காமல் என்ன செய்யும்?

அண்ணன் மில் கோச் வெள்ளிக்கிழமை தவறாமல் என் கடைக்கு வருவார். நெற்றி நிறைய திருநீறு, தணிந்த பேச்சு. மல்லிகை வாங்குவார், அதாவது நான் சும்மா கொடுப்பேன். பொட்டலத்தை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டுதான் பைக்குள் வைப்பார். எவ்வளவு பக்தி என்று நான் நினைத்துக்கொள்வேன்.

"எம்மா, வெள்ளைப்பூ மட்டும் நமக்கு விழட்டும். நான் சொல்லுத முதல் பேரு ஓந் தம்பி பேருதான். ரெண்டாவதா கேக்கணும்னா மொதலாளி சொல்லுத ஆளத்தான் எடுக்கணும், என்ன செய்ய?" என்பார்.

"பூ ஏன் அண்ணாச்சி நமக்கு விழவே மாட்டேங்கு?"

அவர் குரலை இன்னும் தணித்தார். "நான் எப்படிம்மா சொல்லட்டும்? பூசாரி மத்தியானம் எந்த மில் கேண்டீன்ல சாப்பிடுதான்னு நீயே விசாரிச்சுப் பாரு."

விசாரித்தேன். தம்பி மில்லில்தான் சாப்பிட்டார். போதாதா எனக்கு? பூசாரி எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தம்பி மில் மானேஜர் மூக்குப்பொடி மட்டையும் கையுமாகத் திரிகிறவர், ஊரில் பேரே பொடி மட்டை. மூக்கை உறிஞ்சாமல் ஒரு வாக்கியம் பேசமாட்டார். அவரைப் பார்த்தாலே கள்ளன் என்று தோன்றியது.

அந்த ஆடியில் போட்டி தொடங்கும் முன்பு கோச் கடைக்கு வந்து தம்பியைக் கூப்பிட்டார். "ஏலே, ரொம்ப ஆடிக் காட்டாத. நீ தொடர்ந்து கூடையில போட்டேன்னா பொடி மட்ட கண்ணுல பட்டுருவ. பூ அவனுக்கு விழுந்தா ஒன்னக் கொத்திட்டுப் போயிருவான். பொறவு தினக்கூலிதான். அடக்கி ஆடு, நான் பாத்துக்கிடுதேன்."

தம்பி என்னைப் பார்த்தான். பெரியவர் சொன்னால் கேளு என்றேன். அவன் கேட்டான். மைதானத்தில் வளையத்துக்குக் கீழே ஆளே இல்லாத நேரத்திலும் பந்தை அடுத்தவனுக்குத் தள்ளிவிட்டான். கூட்டம் "ஏ நெட்ட, போடுல" என்று கத்தியது. வேலை கிடைத்தபிறகு ஆடிக்கொள்ளட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பூக்கட்டிப் போடுவதற்கு எப்போதும் என் கடைப் பூதான் போகும். வெள்ளைக்கு மல்லிகை, சிவப்புக்குச் செவ்வரளி. மல்லிகையை எத்தனை இலையில் பொதிந்தாலும் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். பூசாரி எது மல்லிகை என்று தெரிந்து வைத்துக்கொண்டு, கோச் கை போகிற பக்கமாகச் சிவப்பை வைக்கிறார் என்று நானாகக் கணக்குப் போட்டேன். அந்த வருஷம் மல்லிகைக்குப் பதிலாக வெள்ளரளியைக் கொடுத்தனுப்பினேன். தபசு நேரம், மல்லிகை விலை ஏறிக் கிடக்கிறது என்று சாக்குச் சொல்லிவிட்டேன். இரண்டும் அரளி, எந்த மூக்குக்கும் வேலை இல்லை.

பிள்ளையார் முன்னால் வாழையிலைப் பொட்டலங்கள் இரண்டையும் பூசாரி கண்ணை மூடிக்கொண்டு குலுக்கி வைத்தார். கோச் வழக்கம்போல ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். வைத்தார். மற்றதை எடுத்து ஒற்றினார். திரும்ப முதல் பொட்டலத்தை எடுத்தார். எப்போதும் இவ்வளவு நேரம் ஆகாது. கடைசியில் ஒன்றைப் பிரித்தார். வெள்ளை.

எனக்குச் சந்தோஷத்தில் கால் நிற்கவில்லை. ஆனால் அவர் முகம்? எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த பூ கைக்கு வந்தவர் முகமா அது? இழவுத் தந்தி வாங்கியவர்போல நின்றார். பிறகு கூட்டத்தைப் பார்க்காமல் ஒரு பேரைச் சொன்னார். அது முதலாளி மனைவியின் அக்காள் மகன்.

கூட்டத்தில் என்னைப்போலவே இன்னும் சில பேருக்கு மூச்சு நின்றது. இளையரசனேந்தலிலிருந்து வந்திருந்த ஒரு அப்பா, "என்னவே, எம் மவன் பேரத்தானே சொல்லுதேன்னீரு" என்று கேட்டேவிட்டார். அதன்பிறகுதான் தெரிந்தது. இருந்த நெட்டைப் பையன்கள் வீட்டிலெல்லாம் அவர் அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். ஒரு வீட்டில் முட்டை, ஒரு வீட்டில் நெய், என் கடையில் மல்லிகை. வெள்ளை விழாத வரைக்கும் எந்த வீட்டிலும் அவர் வாக்குப் பொய்க்காது.

அடுத்து பொடி மட்டை மானேஜர் முறை. தினக்கூலியாவது கிடைக்கட்டும் என்று இருந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன். அவர் ராயகிரிப் பையன் ஒருவனின் பேரைச் சொன்னார்.

கூட்டம் கலைந்து போகிறபோது வெட்கத்தை விட்டு மானேஜரிடமே போய்க் கேட்டேன். சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்களே, அதை அன்றைக்குத்தான் செய்தேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "ஒந் தம்பி நல்லா ஆடுவான்னு சொன்னாங்கம்மா. அதுக்குன்னே எல்லா ஆட்டத்துக்கும் வந்து உக்காந்தேன். ஒரு பந்தக்கூட அவன் போடலையே. பயந்த பயல எடுத்து நான் என்ன செய்ய?"

தம்பி பக்கத்தில்தான் நின்றான். காதில் விழுந்தது.

அந்த வாரம் முழுக்க எனக்கு அந்த முகமே கண்ணில் நின்றது. வெள்ளையைப் பார்த்து வாடிய முகம். வெள்ளிக்கிழமை கோச் வந்தார், திருநீறு சகிதமாக. வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே?

"மொதலாளி கடைசி நேரத்துல கைய முறுக்கிட்டாரும்மா. அடுத்த வருசம் பாத்துக்கிடலாம். தம்பிய அதுவரைக்கும் அடக்கியே ஆடச் சொல்லு."

முன்கூட்டியே கட்டி வைத்திருந்த இலைப் பொட்டலத்தை நீட்டினேன். அவர் வாங்கி, வலது கண்ணில் ஒற்றினார். இடது கண்ணுக்குப் போகும் வழியில் கை நின்றது.

"என்னம்மா, அரளியக் கட்டிட்டியா? மல்லி இல்லையோ?"

தம்பி உள்ளே கூடை அடுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து அவர் கையைப் பார்த்தான். மெல்ல வெளியே வந்து அவர் எதிரே நின்றான்.

"அண்ணாச்சி," என்றான், "நீங்க இன்னும் பிரிக்கவே இல்லையே."