அராபாவுக்காக விட்ட இடம்

செவ்வாய்க்கிழமைகளில் ஆப்பாம் என்ற மீன்பிடி ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அன்று கடல் தூங்குகிறது. படகுகள் மணலில் ஒருக்களித்துக் கிடக்கும், ஆண்கள் கிழிந்த வலைகளை மடியில் பரப்பி உட்கார்ந்திருப்பார்கள், அலைகள்கூட யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக வந்து திரும்பும். அப்படி ஒரு செவ்வாயில் பிறந்ததால் அவனுக்குக் கொபினா என்று பெயர். இரண்டு வருடம் கழித்து, உப்பளத் தெருவில், இன்னொரு செவ்வாயில் பிறந்தவள் அராபா. செவ்வாயில் பிறக்கும் ஆண் கொபினா, பெண் அராபா. தெருவில் நின்று "அராபா" என்று கூப்பிட்டால் பத்துத் தலைகள் திரும்பும்.

இதை ஒரே ஒரு முறை மறந்துபோனான் கொபினா எசுமான். அந்த மறதிதான் அவனை நாடறிந்த பாடகனாக்கியது.

அப்பா படகு குடைகிறவர். ஒரே மரத்தை மாதக்கணக்கில் குடைவார். உளி உள்ளே போகப் போக மரத்தின் ஓசை மாறிக்கொண்டே வரும். கொபினா வேலை கற்றுக்கொள்ளாமல் அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கள்ளுக்கடையில் ஒரு கப்பல்காரன் விட்டுப்போன கித்தாரின் ஓசையைக் கேட்டான். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும் வைத்து அவனே வாசிக்கப் பழகினான். மதிய வேளையில் அராபா சுட்ட மீன் தாம்பாளத்தைத் தலையில் சுமந்துகொண்டு அந்த வழியாக வருவாள். தாம்பாளத்தை இறக்காமலே நின்று கேட்பாள்.

"இத வாசிச்சா என்னடா கிடைக்கும்?"

"நீ நிக்கிறே இல்ல?"

"கழுத்து வலிக்குதுன்னு நின்னேன். பெரிய இவன்."

ஆனால் அடுத்த நாளும் அவளுக்கு அந்த இடத்தில்தான் கழுத்து வலித்தது.

அவனுக்குப் பத்தொன்பது வயதானபோது 'கடற்காக்கைகள்' என்ற குழு, ஹைலைஃப் என்னும் ஆட்டப்பாட்டு வாசிப்பவர்கள், ஊருக்கு வந்தது. திரும்பிப் போகும்போது அவர்களுடைய லாரியில் கொபினாவும் இருந்தான். மூன்று மாதத்தில் வந்துவிடுவதாக அராபாவிடம் சொல்லியிருந்தான். "வந்ததும் நேரா அடுப்புப் பக்கம் வா. உனக்குன்னு ஒரு மீன் எடுத்து வெச்சிருப்பேன்" என்று அவள் சொல்லியிருந்தாள்.

மூன்று மாதம் மூன்று வருடமாயிற்று. எப்படி ஆயிற்று என்று அவனால் பின்னால் சொல்ல முடிந்ததில்லை. லாரியில் மேளங்களின் மேல் சாய்ந்து தூங்குவான், கண் விழித்தால் வேறொரு ஊர். செம்மண் புழுதி, பிறகு காடு, பிறகு மரமே இல்லாத வடக்கு. எந்த ஊரிலும் சனங்கள் ஒரே மாதிரி வெள்ளைக் கைக்குட்டையை வீசிக்கொண்டு ஆடினார்கள். ஊர் பெயர் தெரியாமலே பல ஊர்களுக்கு வாசித்தான்.

குமாசிச் சந்தையில் ஒரு நாள், ஆப்பாமிலிருந்து மீன் ஏற்றி வந்த லாரிக்காரர் அவனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, விஷயம் தெரியுமா? நம்ம அராபா போயிட்டா. மீன் சுடுற பொண்ணு. காய்ச்சல், மூணே நாள்."

எந்த அராபா என்று அவன் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்து உலகத்தில் ஒரே அராபாதான்.

அன்று குழு அக்ராவுக்குக் கிளம்பியது. காட்டுக்குள் பனி இறங்கியிருந்தது. மரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து முகம் காட்டிவிட்டு மறைந்தன. அந்தப் பனிக்குள்ளிருந்து பாட்டு தானாக வந்தது.

இன்று கடல் தூங்கும் நாள், அராபா.
வலையெல்லாம் காய்கிறது, எங்கே இருக்கிறாய்?
அடுப்பு ஆறிக் கிடக்கிறது, யார் வந்து மூட்டுவார்?
எனக்கென்று எடுத்துவைத்த மீனை யாரிடம் கேட்பேன்?

ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் அவன் நிறுத்தினான். குழுத் தலைவர் பாபா க்வான்சாவுக்குப் பொறுக்கவில்லை.

"கேள்வியக் கேட்டுட்டு ஏண்டா வாயை மூடிக்கிறே?"

"பதில் அவதான் சொல்லணும், பாபா."

"செத்தவ எப்படிடா சொல்லுவா?"

கொபினா கித்தாரை மடிக்கு இழுத்தான். பிறகு அந்த இடைவெளியில் நான்கு சுரங்களை மட்டும் வாசித்தான். இரண்டு மேலே போயின, இரண்டு கீழே இறங்கின. யாரோ தலைச்சுமையோடு வந்து நின்றுவிட்டுப் போவதுபோல இருந்தது. பாபா க்வான்சா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்த வாரமே பாட்டை இசைத்தட்டில் பதிந்தார்கள்.

இரண்டு மாதத்தில் அது எங்கும் கேட்டது. சனிக்கிழமைச் சாவு வீடுகளில், கறுப்பும் சிவப்பும் உடுத்தியவர்கள் அதற்கு ஆடிக்கொண்டே அழுதார்கள். அந்த நான்கு சுரம் வந்தால் போதும், தங்கள் வீட்டுப் பிணம் பேசுவதாக நினைத்துக்கொள்வார்கள். ஒரு லாரியின் நெற்றியில் 'அராபா, பதில் சொல்லு' என்று பெரிதாக எழுதி ஓட்டினார்கள்.

ஆறு மாதம் கழித்து, அவள் குழியில் ஒரு பிடி மண்ணாவது போட வேண்டும் என்று ஊருக்கு வந்தான். கித்தாரோடு உப்பளத் தெருவில் நுழைந்தான். வட்டமான மண் அடுப்புகளிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. புகைக்குள் ஒருத்தி குனிந்து மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

கித்தார் கை நழுவி விழுந்தது. கொபினா திரும்பிப் பார்க்காமல் ஓடினான். தெருவே சிரித்தது. பின்னாலிருந்து அவள் குரல் வந்தது:

"செத்தவ கேக்குறேன், சாப்பிட்டியாடா?"

செத்தது கோட்டைமேட்டு அராபா. அவளும் மீன் சுடுகிறவள்தான்.

தெரு சிரித்தது, ஆனால் அவள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. உயிரோடு இருக்கும் பெண்ணுக்கு நாடு முழுவதும் ஒப்பாரி வைத்தால் அது அவளை இழுத்துக்கொண்டு போய்விடாதா? அவளுடைய அம்மா அவன் வருவதற்கு முன்பே, சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவர்களுக்குச் செய்வதுபோல, ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்கு வெள்ளைத் துணி உடுத்தி, சேனைக்கிழங்கை மசித்துச் செம்பனை எண்ணெய் ஊற்றி, மேலே அவித்த முட்டை வைத்து ஊட்டியிருந்தாள். அவள் அப்பா வழக்கை ஊர்த் தலைவரின் முற்றத்துக்குக் கொண்டுபோனார். தலைவருக்காகப் பேசுகிறவர் கோலை ஊன்றி எழுந்து, முன்னோருக்கென்று தரையில் சாராயம் ஊற்றித் தீர்ப்பைச் சொன்னார்: அராபா உயிரோடு இருக்கும்வரை இந்தப் பாட்டை ஆப்பாம் மண்ணில் கொபினா பாடக் கூடாது. அவளே வாயால் விட்டால் ஒழிய அந்தத் தடை நீங்காது. கொபினா சத்தியம் செய்தான்.

கொபினா பெண் கேட்டபோது அவள் அப்பா ஒரே வரியில் முடித்தார். "மகளைக் கொன்னவனுக்கு மகளைக் குடுக்கிற வழக்கம் எங்க வீட்ல இல்ல."

அதன் பிறகான வருடங்களை நினைத்தால் கொபினாவுக்கு ஒரே நீண்ட பயணம்போலத்தான் இருக்கும். சொந்தமாகக் குழு வைத்தார். நாட்டில் ஊரடங்கு வந்து ஆட்டக் கூடங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்த காலத்தில் ஹாம்பர்க் போனார். பகலில் சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடித்தார். சனிக்கிழமைகளில், வெளியே பனி கொட்ட, வாடகைக் கூடத்தில் ஊர்க்காரர்களின் துக்கத்துக்கு அராபாவைக் கூப்பிட்டுப் பாடினார். கல்யாணம் செய்தார், இரண்டு பெண்கள் பிறந்தார்கள், மனைவி இறந்து ஹாம்பர்க் மண்ணிலேயே தங்கிவிட்டாள். அவளுக்கு மட்டும் அந்தப் பாட்டைப் பாட அவருக்கு வாய் வரவில்லை. அறுபது வயதுக்கு மேல் திரும்பி வந்து அப்பாவின் வீட்டிலேயே குடியேறினார். எங்கே போனாலும் சனங்கள் முதலில் கேட்பது அந்தப் பாட்டைத்தான். அவர் பாடாத ஒரே ஊர் சொந்த ஊர்.

அறுபத்தேழு வயதில் குரல் கரகரத்தது. கேப் கோஸ்ட் நகரத்து மருத்துவர் தொண்டைக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, கட்டி இருக்கிறது, வெட்ட வேண்டும், அதன் பிறகு பேச்சு வரும், பாட்டு வருவது சந்தேகம் என்றார். அறுவைக்குக் குறித்த நாள், ஊர்ப் பாதைகளைத் திருத்திக் கொண்டாடும் வருடாந்திரத் திருவிழா முடிந்து ஒரு வாரத்தில் வந்தது. திருவிழாச் செவ்வாயன்று கடற்கரையில் பாட ஊர் இளைஞர்கள் அவரை ஏற்கனவே கூப்பிட்டிருந்தார்கள்.

உலகமெல்லாம் பாடிய பாட்டை, அது பிறந்த மணலில் ஒரே ஒரு தடவை பாடிவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமிருக்கவில்லை.

அராபாவின் வீட்டுக்குப் போனார். அவள் மகள் எஃபுவா மீன் அடுக்கிக்கொண்டிருந்தாள். "மா, உன்ன அடக்கம் பண்ணின ஆளு வந்திருக்காரு" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு முக்காலியைப் போட்டாள். தண்ணீர் கொடுத்தார்கள். அவர் குடித்து முடித்த பிறகுதான் அராபா கேட்டாள்.

"என்ன விஷயமா வந்தே?"

சொன்னார். தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"நாப்பத்தஞ்சு வருஷமா செத்துக்கிட்டிருக்கேன் நான்" என்றாள் அராபா. "குமாசிச் சந்தைக்குப் போனா, 'பேய் சுட்ட மீனா, தின்னா நாங்களும் போயிடுவோமே'ன்னு அங்க இருக்கிற பொம்பளைங்க சிரிக்கிறாளுக. என் கல்யாணம் ரெண்டு தடவை நின்னுபோச்சு. பாட்டுல செத்தவ வேணாமாம். பஸ்ல போனா என் சாவத்தான் போடுறான். பக்கத்துல உக்காந்தவ அழுவுறா. நான் கைக்குட்டை எடுத்துக் குடுக்குறேன். இது என்ன பொழப்பு, சொல்லு?"

"நீ உயிரோட இருக்கிற மாதிரி ஒரு சரணம் எழுதிப் பாடிடறேன்."

"எத்தன வருஷமா எழுதுறே?"

அவர் காலித் தம்ளரைத் தரையில் வைத்தார். ஹாம்பர்க்கில், விரிப்புகளை மடிக்கும்போதெல்லாம் எழுதிப் பார்த்திருந்தார். அவள் வருகிறாள், சிரிக்கிறாள், மீன் தருகிறாள். எதுவும் பாட்டில் ஒட்டவில்லை.

"வரல" என்றார்.

"எப்படி வரும்? நான் என்ன சொல்லுவேன்னு நீ எப்பக் கேட்டே? புகைக்குள்ள ஒரு தடவை கேட்டேன், சாப்பிட்டியான்னு. ஓடிட்டே."

எஃபுவா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொபினா எழுந்தார். வாசலில் நின்று, "அப்ப வேணாம். வேற பாட்டு பாடறேன்" என்றார். அராபா அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

திருவிழாச் செவ்வாய் அன்று மதியம் கடல் கண்ணாடிபோல் கிடந்தது. படகுகளுக்கு நடுவே பலகை போட்டு மேடை. கொபினா ஐந்து பாட்டுப் பாடினார். சனங்கள் ஆடினார்கள், ஆனால் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் காத்திருந்தார்கள். கடைசியில் ஒருவன் கத்தினான்:

"பாபா, எங்க அராபா? வடக்க டமாலே ஊர்க்காரனுக்குப் பாடுவீங்க, எங்களுக்குப் பாட மாட்டீங்களா?"

"சத்தியம்பா. என் கையில இல்ல" என்றார் கொபினா. குரல் பாதியில் உடைந்தது. கித்தார் வாரைத் தோளிலிருந்து இறக்கப் போனார்.

அப்போது கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மேலும் கீழும் வெள்ளை உடுத்தி, கையில் வெள்ளைக் கைக்குட்டையோடு அராபா வந்துகொண்டிருந்தாள். அவசரமில்லாமல், அன்று தாம்பாளத்தைச் சுமந்து வந்த அதே நடையில். பின்னால் எஃபுவா மூடிய சட்டி ஒன்றைத் தூக்கி வந்தாள். தலைவருக்காகப் பேசுகிறவர், பழையவரின் மகன், நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நான் விடுறேன்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள் அராபா. பிறகு மேடையைப் பார்த்தாள். "பாடு. ஆனா அந்த நாலு சத்தத்த நீ வாசிக்கக் கூடாது."

"அப்ப அங்க என்ன செய்ய?"

"சும்மா இரு. அது எனக்கு விட்ட எடம்தானே?"

கொபினா பாடினார். குரல் மணல்போல் உதிர்ந்தது. இன்று கடல் தூங்கும் நாள், அராபா. வலையெல்லாம் காய்கிறது, எங்கே இருக்கிறாய்?

விரல் பழக்கத்தில் கம்பிக்குப் போனது. நிறுத்தினார். அந்த இடத்தில் கடல் மட்டும் கேட்டது.

"இங்கதாண்டா இருக்கேன்" என்றாள் அராபா.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேறு யாரோ அழ ஆரம்பித்தார்கள். அடுப்பு ஆறிக் கிடக்கிறது, யார் வந்து மூட்டுவார்?

"காலையிலயே மூட்டிட்டேன். கண்ணு தெரியலியா உனக்கு?"

இப்போது கடற்கரை முழுவதும் சிரித்தது. அராபா கைக்குட்டையை வீசி ஆடத் தொடங்கினாள், மெதுவாக, இடுப்பை மட்டும் அசைத்து. வலை பின்னிக்கொண்டிருந்தவர்களும் எழுந்தார்கள். கடைசிக் கேள்வி வந்தபோது கொபினாவின் குரல் எழவே இல்லை. உதடு மட்டும் அசைந்தது. அந்தக் கேள்வி எல்லாருக்கும் தெரியும். அவர்களே பாடினார்கள்: எனக்கென்று எடுத்துவைத்த மீனை யாரிடம் கேட்பேன்?

அராபா ஆட்டத்தை நிறுத்தவில்லை. "மீன் அப்பவே காக்கா தூக்கிட்டுப் போச்சு" என்றாள். "இறங்கி வா. வேற வெச்சிருக்கேன்."

பாட்டு அப்படியே முடிந்தது. மேளக்காரர்கள் நிறுத்த மனமில்லாமல் தட்டிக்கொண்டே இருந்தார்கள். கொபினா மேடையிலிருந்து இறங்கி ஒரு படகின் விளிம்பில் உட்கார்ந்தார். எஃபுவா சட்டியைத் திறந்தாள். மசித்த சேனைக்கிழங்கு, செம்பனை எண்ணெயில் மஞ்சளாக மின்னியது. மேலே அவித்த முட்டைகள்.

"இது யாருக்கு? உனக்கா?" அவருக்குக் காற்றாக மட்டும்தான் வந்தது.

"எனக்கு எங்கம்மா அப்பவே ஊட்டியாச்சு. நீதான் அடுத்த வாரம் கத்திக்குப் போறே." ஒரு முட்டையை எடுத்து இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை அவர் கையில் வைத்தாள். மறு பாதியை அவளே வாயில் போட்டுக்கொண்டாள். "நீயும் செவ்வாக்கிழமைதானே பொறந்தே. சாப்பிடு."

அவர் சாப்பிட்டார். விழுங்கும்போது தொண்டை வலித்தது. எதிரே கடல் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது.