நடவு பார்க்கப் போன ஞாயிறு

டிக்கெட் கேட்டவள்

"மேடம், எனக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்துடுங்க. நான் ஊருக்குப் போறேன்."

ரூமானா என் மேசைக்கு முன்னால் நின்று ஆங்கிலத்தில் இதைச் சொன்னபோது வெள்ளிக்கிழமை டீ வந்துகொண்டிருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கைப்பையின் ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக நின்றாள். செமஸ்டர் பாதிகூட ஆகவில்லை.

தஞ்சாவூரில் ஒரு தனியார் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் பிரிவில் நான் ஒருங்கிணைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பதவிப் பெயர்தான் பெரிது. விசா பதிவுக்கு அலைவது, வேனுக்கு அலைவது, எவனுக்காவது வயிற்றுப்போக்கு வந்தால் ஆஸ்பத்திரிக்கு அலைவது, இதுதான் வேலை. வார இறுதியில் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்குக் கலாசாரம் காட்ட வேண்டும். எங்கள் டைரக்டருக்குக் கலாசாரம் நிறைய வேண்டும், செலவு மட்டும் ஆகக் கூடாது.

அதில் நான் கைதேர்ந்தவள் என்று சொல்லிக்கொள்ளலாம். சாயங்காலம் பெரிய கோயில் புல்தரையில் உட்கார யாரும் கட்டணம் கேட்பதில்லை. ரூட் பஸ்ஸில் கும்பகோணம் போய்ப் பித்தளைக் கடைத் தெருவைச் சுற்றி, ஆளுக்கொரு காபி குடித்துவிட்டு வந்தால் ஒரு நாள் ஓடிவிடும். தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம் என்றால் நாதஸ்வரமும் சாப்பாடும் ஒன்றாகவே முடிந்துவிடும்.

இத்தனையிலும் ரூமானா ஒட்டவில்லை. அவள் வங்கதேசத்துப் பெண். எங்கே போனாலும் ஜனங்கள் ஜெர்மனிக்காரன் லூக்காஸைச் சூழ்ந்துகொண்டு செல்ஃபி எடுப்பார்கள். இவளைப் பார்த்து, "நார்த் இண்டியாவாம்மா?" என்று கேட்டு இந்தியில் பேசுவார்கள். அவளுக்கு இந்தியும் தெரியாது, தமிழும் தெரியாது. ஹாஸ்டலில் தன் மொழி பேச ஒரு ஆள் இல்லை. போனை வைத்துவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

டைரக்டர் கொதித்தார். "அவ ஊர்க் காலேஜ்லேருந்து இப்பத்தான் மொதமொதலா ஒரு பொண்ணு வந்துருக்கு. இவ பாதியில போனா இனிமே ஒருத்தரும் வர மாட்டாங்க. நீங்க என்ன செய்வீங்களோ, திங்கக்கிழமை இந்தப் பேச்சே இருக்கக் கூடாது."

அவளிடம் ஞாயிறு வரை பொறு என்றேன். உங்கள் ஊரும் நெல் விளையும் ஊர்தானே, எங்கள் நடவைப் பார்த்துவிட்டு முடிவு செய் என்றேன். பெண்கள் வரிசையாகக் குனிந்து பாட்டுப் பாடிக்கொண்டே நடுவார்கள் என்று நானாகவே சேர்த்துக்கொண்டேன். அவள் கைப்பையின் ஜிப்பை ஒரு முறை இழுத்து மூடிவிட்டுப் போனாள்.

பாட்டு எங்கே?

மன்னார்குடிக்குப் பக்கத்தில் என் சித்தப்பா மகன் பாஸ்கர் குத்தகைக்கு நிலம் எடுத்துச் சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தான். போன் பண்ணினேன். "ஞாயித்துக்கெழம நடவுக்கா. தாராளமா கூட்டிக்கிட்டு வாங்க" என்றான். நடுவது யார் என்று நான் கேட்கவில்லை. இதையெல்லாமா கேட்பார்கள்?

மாணவர்களை ஏற்றிப் போன வேன் வரப்போரம் நின்றதும் எனக்குப் பகீரென்றது. வயலில் ஒரு பெண்கூட இல்லை. லுங்கியை மடித்துக் கட்டிய வாலிபர்கள் குனிந்து நட்டபடி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். வரப்பில் குத்திய கழியில் ஒரு ஸ்பீக்கர் தொங்கியது. அதிலிருந்து வந்தது நம் பாட்டு இல்லை.

"எங்கடா பொம்பளைங்க?"

"எந்தக் காலத்துலக்கா இருக்கீங்க? நடவுக்கு ஆள் தேடி அலைஞ்சு செருப்புத்தான் தேயுது. இவங்க மேற்கு வங்காளம். கான்ட்ராக்ட்டு. எறங்குனா சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துட்டுப் போய்க்கிட்டே இருப்பாங்க."

"நான் பாட்டுன்னு சொல்லிக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன்டா!"

"அதுக்கு நான் என்னக்கா பண்றது? நான் வேணா பாடட்டா?"

எனக்கு நிலைகொள்ளவில்லை. தெருவுக்குப் போய் நடவுப் பாட்டு தெரிந்த யாரையாவது கூட்டிவா என்று அவனை விரட்டினேன். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு அம்மாள் வந்தார். "பாட்டெல்லாம் மறந்துபோச்சும்மா. சீரியல் பாட்டு வேணா பாடவா?" என்றார். லூக்காஸ் கொக்குகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். வாய்க்காலில் முறைவைத்து விடுகிற தண்ணீர் சாயங்காலத்தோடு நின்றுவிடும், அதற்குள் நடவு முடிய வேண்டும் என்று பாஸ்கர் வேறு பறந்துகொண்டிருந்தான். இந்தக் களேபரத்தில் ரூமானா செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கியதை நான் பார்க்கவில்லை.

சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். அவள் தன் மொழியில் என்னவோ கத்திக் கேட்டாள். நட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பேச்சு ஒரே வங்காளம்தானே! ஒருவன் நாற்று முடியைத் தூக்கி எறிந்தான், அவள் பிடித்துக்கொண்டாள். அவர்களோடு வரிசையில் நின்று, பின்னால் நகர்ந்தபடி நட ஆரம்பித்தாள். வந்த நாளிலிருந்து இரண்டு வாக்கியத்துக்குமேல் பேசாத பெண், மூச்சுவிடாமல் பேசினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. லூக்காஸும் மற்றவர்களும் ஆளுக்கொரு பிடி நாற்றோடு குதித்தார்கள். லூக்காஸ் ஒரு கையால் வீடியோ எடுத்தான்.

ஆதார்

அவர்களில் மேஸ்திரி தபன். நம் பக்கம் பல வருஷமாக வந்து போகிறவன், தமிழ் ஓரளவு பேசுவான். அவன் அவளிடம் என்னவோ கேட்டான். அவள் சிரித்துக்கொண்டே ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

அவ்வளவுதான். பேச்சு நின்றுவிட்டது. எல்லோரும் குனிந்துகொண்டார்கள். தபன் போய் ஸ்பீக்கரை நிறுத்தினான். பிறகு கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு பாஸ்கரிடம் வந்தான்.

"அண்ணே, நாங்க இந்தியா. எல்லாருக்கும் ஆதார் இருக்கு. பேக்ல இருக்கு. காட்டவா?"

"இப்ப யாருப்பா ஆதார் கேட்டா?"

"அந்தப் பொண்ணு பங்ளாதேஷ். நாங்க அந்த ஊரு இல்ல அண்ணே. போன வருஷம் வேற ஊர்ல இப்படித்தான், யாரோ எங்கள பங்ளாதேஷ்னு சொல்லி வீடியோ போட்டாங்க. ஸ்டேஷன்ல ரெண்டு நாள் உக்கார வச்சாங்க."

ரூமானாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். ஆதார் எந்த மொழியிலும் ஆதார்தானே. கையிலிருந்த நாற்றை அப்படியே வைத்துவிட்டுக் கரையேறினாள். "அவங்க என்னைப் பார்த்துப் பயப்படுறாங்க, மேடம்" என்று சொல்லிவிட்டு, காலில் சேறோடு வேனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

நான் வரப்புக்கும் வேனுக்குமாக நடந்தேன். அவளைத் தேற்றுவதா, அவர்களைத் தேற்றுவதா? முதலில் லூக்காஸின் போனைக் கேட்டேன். "இதை அழிச்சிடு, லூக்காஸ்." "இதுதான் மேடம் இங்கே நான் எடுத்ததிலேயே நல்ல வீடியோ" என்றான். காரணத்தைச் சொன்னேன். தபன் பக்கத்தில் நின்று பார்க்க, லூக்காஸே அழித்தான்.

மத்தியானம் மோட்டார் கொட்டகையிலிருந்து கடுகெண்ணெய் வாசனை வந்தது. அவர்கள் தங்களுக்குத் தாங்களே சமைத்துக்கொள்கிறவர்கள். தபன் ஒரு எவர்சில்வர் தட்டோடு வேனருகே வந்தான். சோறு, மசித்த உருளைக்கிழங்கு, வாய்க்கால் மீன்.

"மேடம், அந்தப் பொண்ணு எங்ககூட நட்டிச்சு. நட்டவங்களுக்குச் சோறு போடணும்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எந்த ஊருன்னு நான் கேட்டது தப்பு. நாங்க கேக்கல, அவங்க சொல்லல. நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

தட்டை வாங்கிய ரூமானா முதல் கவளத்தைப் பிசைந்து வாயில் வைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். தபன் வேனுக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றபடி மெதுவாக அவளோடு பேசிக்கொண்டிருந்தான். தூரத்திலிருந்து பார்த்தால் டிரைவரோடு பேசுவது போலத்தான் இருக்கும்.

ஆளில்லாத போட்டோ

திங்கட்கிழமை ரூமானா வந்தாள். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள்.

"அறுப்பு முடியுற வரைக்கும் தபன் ஆளுங்க ஊருக்குப் போக மாட்டாங்களாம், மேடம். நானும் இருக்கேன். டிக்கெட் வேண்டாம்."

டைரக்டருக்குச் சந்தோஷம். கூடவே, "போட்டோ எங்கங்க? வெப்சைட்டுல போடணும்" என்றார். இல்லை என்றேன். "போட்டோ இல்லாம எதுக்குங்க டூரு போனீங்க?" என்று சத்தம் போட்டார். போடட்டும் என்று விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பாஸ்கர் கூப்பிட்டான். வெள்ளைக்காரப் பிள்ளைகள் நட்டதை அன்றைக்கே பிடுங்கிவிட்டுத் தபன் ஆட்கள் திரும்ப நட்டார்களாம். பார்க்க வருகிறவர்கள் நட்டால் எப்போதும் அப்படித்தான், நாற்று மிதந்துவிடும். "அந்தப் பொண்ணு நட்டத மட்டும் தொடலக்கா. வரிசை கொஞ்சம் கோணல்தான். பச்ச புடிச்சுருச்சு" என்று சொல்லி அந்த வரிசையின் படம் ஒன்று அனுப்பினான்.

அதைப் பெரிதாக்கி எங்கள் அலுவலகச் சுவரில் மாட்டினேன். இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள், செலவில்லாமல் எங்கே கூட்டிப் போகலாம் என்று என்னைக் கேட்கிறார்கள். எங்கே வேண்டுமானாலும் போங்கள். ஆனால் யாரைக் காட்டப் போகிறீர்களோ அவர்களிடம் முதலில் கேட்டுக்கொண்டு போங்கள். நமக்குச் செலவில்லாதது அவர்களுக்குப் பெரிய செலவாக முடிந்துவிடலாம்.

மாட்டிய அன்று டைரக்டர் அந்தப் படத்தின் முன்னால் வந்து நின்றார்.

"என்னங்க இது, வெறும் வயலா இருக்கு? இதுல யாருமே இல்லையே?"

"ஆமா சார்" என்றேன். "யாருமே இல்ல."