ஸ்பாஸ் தோச்செவ் கேட்கத் தயங்கிய துணை

கப்ரோவோ நகரத்தில், யாந்த்ரா ஆற்றைப் பார்த்த நாலாவது மாடியில் ஸ்பாஸ் தோச்செவ் என்றொருவர் இருந்தார். ஐம்பத்தெட்டு வயது. பேச்சுத்துணைக்கு ஒரு ஃபிரிட்ஜ். அது உறுமினால், "ஆமாமா, எனக்கும் அப்படித்தான்" என்பார்.

செய்ததோ சேர்த்துவைக்கிற வேலை. மென்பொருள் கட்டுகிறவர்கள் என்ன வேண்டும் என்பதை ஒரு கருவியில் எழுதுவார்கள், பிழைகளை இன்னொன்றில், சோதனை முடிவுகளை வேறொன்றில். மூன்றும் மூன்று கம்பெனிச் சரக்கு; ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காது. எல்லாம் ஒரே முறையில் பேசட்டும் என்று பலர் கூடிப் பொதுத்தரம் ஒன்று வகுத்தார்கள். அந்தத் தரப்படி கருவிகளை இணைக்கும் நிரல்களை எழுதி, யாரும் பிரித்துப் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தவர் ஸ்பாஸ். ரயில் பிரேக் முதல் காபி மெஷின் வரை அவர் தயவில்தான் ஓடுகிறது என்று அந்தத் தெருவில் சொல்வார்கள். முக்கால்வாசி பொய். மிச்சக் கால்வாசியே பெரிய விஷயம்.

ஆனாலும் எட்டு வருஷமாக ஒருவரும் அவருக்கு ஒரு வரி எழுதவில்லை. பழுதானால் அல்லவா எழுதுவார்கள்?

அந்த வசந்தத்தில், அந்த நிரல்களுக்கு இணையத்தில் இடம் கொடுத்திருந்த அறக்கட்டளை எழுதியது: ஒற்றை ஆளை நம்பி நடத்த முடியாது. வியாழன் மாலை ஆறுக்குள் இன்னொருவர் பொறுப்பேற்கப் பெயர் தர வேண்டும், இல்லையென்றால் மூடிவிடுவோம்.

அந்த வியாழன்தான் ஸ்பாஸின் பெயர் நாளும், அதாவது அவர் பெயருக்குரிய திருநாள். அந்த ஊர் வழக்கத்தில் பெயர் நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. நினைவிருப்பவர்கள் தாமாக வருவார்கள். பாலாடைக்கட்டி வைத்துப் பனிட்சா என்ற அடுக்குப் பலகாரம் சுட்டு, ஆறு தட்டு பரப்பினார். மூன்று மணிக்குக் கீழ்வீட்டு கின்கா வந்தாள். நூற்பாலையில் முப்பது வருஷம் கத்திப் பழகிய தொண்டை.

"என்னடா ஸ்பாஸ், ஆறு தட்டு? உனக்கு ஒண்ணு, ஃபிரிட்ஜுக்கு ஒண்ணு, மீதி யாருக்கு?"

"வர்றவங்க வருவாங்க அக்கா."

"அந்தக் கம்ப்யூட்டர்க் கூட்டத்தையாவது கூப்பிட்டியா?"

"அறக்கட்டளையோட இணையப் பக்கத்துல அறிவிப்பு கிடக்கு. அக்கறை இருந்தா வரட்டுமே."

"அட மண்டு! பெயர் நாளுக்கு வர்றவனுக்கு உன் பேராவது தெரியும். அவங்க குழாயைத் திறக்குறாங்க, தண்ணி வருது. பின்னாடி ஒருத்தன் உக்காந்திருக்கான்னு யாருக்குடா தெரியும்?"

ஸ்பாஸுக்குக் காது சிவந்தது. உட்கார்ந்தார். ஏழு தடவை எழுதி அழித்துவிட்டு, பயன்படுத்துவோர் எல்லாருக்கும் போகும் அஞ்சலில் போட்டார்: "நான் ஸ்பாஸ். இங்கே நான் ஒருவன்தான். இன்று ஆறுக்குள் இன்னொருவர் வேண்டும். வருவீர்களா?"

நாலு மணிக்கு ஒன்றுமில்லை. ஐந்துக்கும் இல்லை. கின்கா இரண்டு துண்டு தின்றுவிட்டு, சீரியல் பார்க்க இறங்கிப் போனாள். ஸ்பாஸ் திரையைப் பார்க்காமல் நாற்காலியை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். கேட்காமல் இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

ஐந்து நாற்பதுக்கு ஒரு மடல். மாரிபோரிலிருந்து மர்யேதா கோலாரிச். ஆஸ்பத்திரிக் கருவிகளின் மென்பொருளைச் சோதிக்கிறவள்.

"நாற்பது பேர் உள்ள ஆபீஸ் என்று நினைத்திருந்தேன். பதினாலு குறை குறித்து வைத்திருக்கிறேன்; இவ்வளவு பேரைத் தொந்தரவு செய்வானேன் என்று அனுப்பவில்லை. அறக்கட்டளைக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன். குறைப் பட்டியல் கீழே."

ஸ்பாஸ் நின்றபடியே படித்தார். முதல் குறை உண்மை. இரண்டாவதும் உண்மை, வெட்கக்கேடு. மூன்றாவதில் துள்ளினார்.

"இது குறையே இல்ல! தரத்தோட நாலாம் பகுதியை இந்தம்மா படிக்கவே இல்ல!"

கீழிருந்து கின்கா துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தாள். ஸ்பாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு, வரிந்து கட்டிக்கொண்டு பதில் எழுத உட்கார்ந்தார்.