கஹ்வாவுக்கு முந்திய சேதி

மஹாத் பின் சுஹைலுக்கு மரியாதை தெரியாது என்று ஜித்தாத் வெளி முழுக்க ஒரு பேச்சு உண்டு. யார் கூடாரத்துக்குப் போனாலும் செருப்பைக் கழற்றும் முன்பே சேதியைச் சொல்லிவிடுவான். உங்கள் ஒட்டகம் ரோட்டில் அடிபட்டுக் கிடக்கிறது என்பான். சலாம் அதற்குப் பிறகுதான் வரும். இந்தப் பாலைவனத்து ஹர்சூசி ஆட்களிடம் இது லேசான குற்றம் இல்லை. வந்தவன் உட்கார வேண்டும், பேரீச்சம்பழம் தின்ன வேண்டும், என்ன சேதி என்று கேட்டால் 'நல்ல சேதிதான், வேறொன்றும் இல்லை' என்று சொல்ல வேண்டும். அப்பன் செத்த சேதியைக் கொண்டுவந்தவனும் முதலில் அதைத்தான் சொல்வான். கஹ்வா என்கிற காபியைக் குடித்து முடித்து, இரண்டாம் முறை கேட்கும்போதுதான் உள்ளதைச் சொல்வது வழக்கம்.

நான் மான் சரணாலய முகாமில் வண்டிகளைப் பழுது பார்க்கிறவன். இருபத்து மூன்று வருடமாக இந்தச் சம்பிரதாயத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் மஹாத் அதைக் கைவிட்டதற்கு நான் காரணமில்லை.

அவனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காவலர்களில் மூத்தவன், வயது நாற்பத்தைந்து இருக்கும். ஆபீஸில் ஓரிக்ஸ் என்று எழுதுகிற வெள்ளை மான்களை அவன் ஒவ்வொன்றாகக் குளம்புத் தடத்தை வைத்தே சொல்லுவான். மனிதர்களையும் அப்படித்தான். ஒருமுறை என் டூல் பெட்டி காணாமல் போனபோது தரையைப் பார்த்துவிட்டு, எடுத்தவன் பெயரையும், அவனுக்கு இடது முழங்காலில் வலி இருப்பதையும் சொன்னான். பெட்டி சாயங்காலமே திரும்பி வந்தது. அப்படிப்பட்டவன்தான் ஒரு மனிதரைத் தொலைத்தான்.

அந்த மனிதர் யஃகூப் வாத்தியார். சூர் ஊர்க்காரர், எழுபது வயது, பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். நாட்டில் உள்ள எல்லாச் சரணாலயங்களையும் பார்த்துவிடுவது என்று கிளம்பியிருந்தார். ஆமை முட்டையிடும் கடற்கரை, வரையாடு இருக்கும் மலை, பறவைத் தீவுகள் எல்லாம் முடிந்து எங்களுடையதுதான் பாக்கி. முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டில் ஆட்டிறைச்சியை ஒதுக்கிவிட்டு, எங்களுக்கே தெரியாத சரணாலயங்களின் பெயரை எங்களுக்குப் பாடம் எடுத்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. சர்க்கரை வியாதிக்காரர், மாத்திரை டப்பாவைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

பார்வையாளர்கள் காவலர் வண்டியில்தான் வர வேண்டும் என்பது சட்டம். வாத்தியாரோ தன் வண்டியில்தான் வருவேன் என்றார். முதுகுக்கு ஏதோ விசேஷத் தலையணை வைத்த சீட்டாம். விருந்தாளி வாய்விட்டுக் கேட்டதை மஹாத்தால் மறுக்க முடியாது. சரி, என் பின்னாலேயே வாங்க என்று சொல்லிவிட்டான். முதல் தப்பு அது.

ஏப்ரல் கடைசி. காலை ஆறு மணிக்குக் கிளம்பியபோது கடல் பக்கமிருந்து மூடுபனி வந்து வெளியை மூடியிருந்தது. வேலமரங்களில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முன் வண்டியில் மஹாத் ஓட்ட, பக்கத்தில் நான். தண்ணீர்த் தொட்டி பம்ப்பைப் பார்க்க நானும் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. பின்னால் வாத்தியாரின் இரண்டு விளக்கு. அரை மணி நேரம் கழித்துக் கண்ணாடியைப் பார்த்தால் விளக்கு இல்லை.

நின்றோம். ஹாரன் அடித்தோம். பனிக்குள் சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாது. மஹாத் இறங்கிப் போய்த் தரையைப் பார்த்தான். சரளைக் கல் பூமி, அதன்மேல் பத்து வண்டித் தடம். அவன் முகம் மாறியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இந்தப் பனி ஒன்பது மணிக்கெல்லாம் கலைந்துவிடும். அதன் பிறகு அடிக்கிற வெயிலில் தண்ணீர் இல்லாதவன் மத்தியானம் தாண்டுவது கஷ்டம்.

வாத்தியாரின் வண்டியைக் கண்டுபிடிக்க எட்டே முக்கால் ஆகிவிட்டது. புதை மணலில் அச்சு வரை இறங்கிக் கிடந்தது. கதவு திறந்திருந்தது. தண்ணீர்க் கேன் பின் சீட்டில் மூடி திறக்காமல் இருந்தது, மாத்திரை டப்பா முன்னால் இருந்தது. ஆள் இல்லை. வலது காலை லேசாக இழுக்கும் செருப்புத் தடம் வடக்கே முப்பது அடி போய்ச் சரளையில் மறைந்துவிட்டது.

"வண்டியை விட்டு ஏன் இறங்கினாரு? பாடம் நடத்துற மனுஷன், இது தெரிய வேணாமா?" என்றேன்.

மஹாத் வண்டிக் கதவைச் சாத்தினான். வயர்லெஸ்ஸில் முகாமைக் கூப்பிட்டுச் சொல்லு என்றேன். கொஞ்சம் பொறு என்றான். அவன் அப்பா, இந்த மான்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து அவிழ்த்துவிட்ட நாளில் கயிற்றைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை, விருந்தாளியைத் தொலைத்துவிட்டேன் என்று ஊரே கேட்கிற வயர்லெஸ்ஸில் எப்படிச் சொல்லுவான்? அவனுடைய தயக்கம் எனக்குப் புரிந்தது. புரிந்ததால் நானும் பேசாமல் இருந்தேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

பக்கத்தில் இருந்த ஒரே கூடாரம் துஃபூலுடையது. மஹாத்துக்குப் பெரியப்பா மகள், ஐம்பது வயசுக்காரி, ஆடு மேய்ப்பவள், தண்ணீர் லாரியைத் தானே ஓட்டுபவள். காலையில் ஆட்டோடு வெளியே போகிறவள், எதையாவது பார்த்திருப்பாள். ஒன்பதேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அதற்குள் பனி சுத்தமாகப் போய்விட்டது.

துஃபூல் தனியாக இருந்திருந்தால் கதை வேறு. அவள் புருஷன் பகீத்தும் உட்கார்ந்திருந்தான். காவலர் வேலை கேட்டுக் கிடைக்காதவன். சில வருடங்களுக்கு முன் திருடர்கள் வேலியை அறுத்து நான்கு மான்களைக் கொண்டுபோனதிலிருந்து எங்களைக் கண்டாலே அவனுக்குக் கொண்டாட்டம்.

பாய் விரித்தார்கள். பழத்தட்டு வந்தது. துஃபூல் என்ன சேதி என்று கேட்டாள். நல்ல சேதிதான், வேறொன்றும் இல்லை என்றான் மஹாத். உங்க சேதி என்ன என்று இவன் கேட்க, அவளும் அதையே சொன்னாள். அடுப்பில் கஹ்வா கொதிக்கவே பத்து நிமிடம் ஆயிற்று. நான் கூடாரத்துக்கு வெளியே நிழல் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கோப்பை. ஆடுகளைப் பற்றிப் பேச்சு. இரண்டாவது கோப்பை. யாரோ ஒருவர் மகளின் நிச்சயதார்த்தம். மஹாத்தின் கோப்பை விளிம்பு பல்லில் இடித்தது எனக்குக் கேட்டது.

மூன்றாவது கோப்பையை வாங்கும்போது இரண்டாம் முறை கேட்கும் நேரம் வந்தது. துஃபூல் வாயைத் திறப்பதற்குள் பகீத் முந்திக்கொண்டான்.

"சர்க்கார் ஆளுங்க காலங்காத்தால வந்திருக்காங்க. இன்னைக்கு எதைத் தொலைச்சீங்க, தம்பி?"

விளையாட்டாகத்தான் கேட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"எதையும் தொலைக்கல. சும்மா இந்தப் பக்கமா வந்தோம்" என்றான் மஹாத்.

எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் உறவுக்காரர்கள் மூன்று பேர் பேசிக்கொண்டிருக்கும்போது பிழைக்க வந்த மெக்கானிக் நடுவில் புகுந்து அவனைப் பொய்யனாக்குவதா? நானும் என் கோப்பையைக் குடித்தேன். நான்காவது ஊற்ற வந்தபோது போதும் என்று மஹாத் கோப்பையை ஆட்டிக் கொடுத்தான். வெளியே வரும்போது மணி பத்து.

மஹாத் மேற்கே ஓட்டினான். ஒரு கிழவர் வழி தவறினால் காற்றுக்கு முதுகு காட்டித்தான் நடப்பார் என்பது அவன் கணக்கு. சுற்றினோம். ஏறி இறங்கி, நின்று, பைனாகுலரில் பார்த்து, மறுபடி சுற்றினோம். எங்கே பார்த்தாலும் கானல். ஒவ்வொரு கல்லும் படுத்திருக்கும் ஆள் மாதிரித் தெரிந்தது. பதினொன்றரைக்கு வண்டியின் கதவுக் கைப்பிடி தொட முடியாமல் சுட்டது. மஹாத் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். குர்ஆன் வசனம் என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால், வாத்தியார் முந்தின நாள் ஒப்பித்த சரணாலயப் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு மணிக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. "அந்த மனுஷன் செத்துட்டிருக்காரு மஹாத். உன் மானத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?" என்று கத்தினேன். என் மேல் பாய்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியைத் திருப்பினான். வழியிலேயே வயர்லெஸ்ஸை எடுத்து, ஊரே கேட்க, விருந்தாளியைத் தொலைத்துவிட்டதைச் சொன்னான்.

துஃபூலின் கூடாரத்துக்கு முன் வண்டி நிற்பதற்குள் குதித்து இறங்கினான். சலாம் இல்லை, செருப்பைக் கழற்றவில்லை.

"அக்கா, என் விருந்தாளியத் தொலைச்சுட்டேன். காலையிலேயே தொலைச்சுட்டேன். வயசானவர்."

பால் கறந்துகொண்டிருந்த துஃபூல் எழுந்துவிட்டாள். அவள் முகத்தை இப்போதும் மறக்க முடியவில்லை.

"வெள்ளை உடுப்புல ஒருத்தரா? ஏழரை மணிக்குப் பனி கொஞ்சம் விலகினப்போ பாத்தேனே. ஆட்டு மணிச் சத்தம் கேட்டு வந்திருப்பார்போல. தூரத்துல நின்னு கையாட்டினாரு. உன்கூட வந்தவர்தான், நீ பக்கத்துல எங்கேயோ இருக்கேன்னு நினைச்சு நானும் கையாட்டிட்டு வந்துட்டேன்" என்றவள், மஹாத்தைப் பார்த்து, "நீ வந்து நல்ல சேதின்னு சொன்னியேடா, தம்பி. அதனாலதானே நான் கேக்கல" என்றாள்.

பகீத் எழுந்தான். தண்ணீர்ப் பையை எடுத்து எங்கள் வண்டியில் போட்டுவிட்டு அவனும் ஏறிக்கொண்டான். துஃபூல் தன் வண்டியில் முன்னால் பறந்தாள்.

அவர் கையாட்டிய இடம் வடக்கே, கூடாரத்திலிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. அதற்கு அப்பால் பள்ளத்தில் ஏழெட்டு வேலமரங்கள் சிதறி நிற்கும். ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினோம். அப்போது மஹாத் வண்டியை நிறுத்தினான். தூரத்தில் ஒரு வெள்ளை மான் கொதிக்கிற வெயிலில் நின்றுகொண்டிருந்தது. ஒரு மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

"இந்த நேரத்துல அது வெயில்ல நிக்காது. அதோட நிழல்ல யாரோ இருக்காங்க" என்றான்.

வாத்தியார் அங்கேதான் இருந்தார், மரத்தடியில் குழி மாதிரி மான் தோண்டி வைத்திருந்த இடத்தில் சுருண்டு படுத்துக்கொண்டு. உதடு வெடித்திருந்தது. கண் பாதி திறந்திருந்தும் எங்களைத் தெரியவில்லை. மூச்சு இருந்தது. துஃபூல் அவர் தலையை மடியில் வைத்துத் துணியை நனைத்து வாயில் பிழிந்தாள். மஹாத் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவனை எழுப்பி வண்டியை எடுக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஹைமா ஆஸ்பத்திரிக்கு மூன்று மணிக்குப் போனோம். உயிருக்குப் பயமில்லை, சிறுநீரகம் இரண்டும் அடிபட்டிருக்கிறது, எவ்வளவு தேறும் என்று சில நாள் போனால்தான் தெரியும் என்றார் டாக்டர். இரண்டு மணி நேரம் முன்னால் கிடைத்திருந்தால் என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். மஹாத் அந்தப் பாதி வாக்கியத்தைக் கேட்டுவிட்டான்.

எங்கள் அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான். பனி, சொந்த வண்டியில் வருவேன் என்று வாத்தியார் பிடித்த பிடிவாதம், வண்டியை விட்டு இறங்கியது, இவ்வளவும் நிஜம், இதைச் சொன்னால் போதும், கூடாரத்துக் கதையை யாரிடமும் எடுக்க வேண்டாம் என்று மஹாத்தைத் தனியாக அழைத்துச் சொன்னார். நானும் தலையாட்டினேன். வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை. துஃபூலும் பகீத்தும் சாகும் வரை சொல்ல மாட்டார்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வாத்தியாரின் மகள் ரய்யா சூரிலிருந்து வந்து சேர்ந்தாள். கண் வீங்கியிருந்தது. அப்பாவைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். அந்த நிலையிலும் சலாம் சொன்னாள். வழக்கப்படி, என்ன சேதி என்று கேட்டாள்.

மஹாத் பதில் சலாம் சொல்லவில்லை.

"உங்க அப்பாவைக் காலைல ஆறரைக்கு நான் தொலைச்சேன். ஏழரைக்கு அவரைப் பாத்தவங்க ஒம்பதேகாலுக்கு என் எதிர்லயே உக்காந்திருந்தாங்க. தொலைச்சுட்டேன்னு சொல்ல வெக்கப்பட்டு நான் கேக்கல. கஹ்வா குடிச்சுட்டு எழுந்து வந்துட்டேன். மறுபடி போய்க் கேக்கப் பன்னெண்டரை ஆயிடுச்சு."

அதிகாரி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ரய்யா மறுபடி கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள்.

"எத்தனை கப் குடிச்சீங்க?" என்றாள் திரும்பி.

"மூணு."

ஒன்று என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"எங்கப்பாவும் குடிச்சிருப்பாரு" என்றாள் ரய்யா. "உங்க இடத்துல அவர் இருந்தாலும், நல்ல சேதின்னு சொல்லிட்டு மூணு கப் குடிச்சுட்டுத்தான் எழுந்திருப்பாரு. அதான் எனக்கு ஆத்திரமா வருது. உங்களைத் திட்டக்கூட முடியல."

நர்ஸ் மருந்துத் தட்டோடு வந்தாள். கதவை மறைத்துக்கொண்டு நின்ற மஹாத்தை ரய்யா கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள்.