அட்சதை விழுந்தால் உடையும் படம்

பகுதிநேரப் படிப்புக்கு வணிகத் தகவல் அமைப்புகள் பாடநூல் தேவைப்பட்டது. புதிதாக வாங்கினால் யானை விலை, குதிரை விலை. அதனால் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய புத்தகக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் நான் கேட்டதோடு, காணொளியைச் சுருக்கி அனுப்பும் முறை பற்றிய ஒரு தடித்த பாடநூலையும் சும்மாவே பையில் போட்டார். அதை யாரும் சீண்டுவதில்லையாம், இடத்தை அடைக்கிறதாம்.

கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில், பரீட்சைக்கு உள்ளதை விட்டுவிட்டு அந்த இனாம் புத்தகத்தைத் திறந்தேன். என் புத்தி அப்படி. படிக்கச் சொன்னதைத் தவிர மற்றதெல்லாம் இனிக்கும். பாதி கணக்கு விளங்கவில்லை. விளங்கிய பாதி என்னை உட்கார விடவில்லை. காணொளியில் ஒவ்வொரு படமும் முழுசாக நம் போனுக்கு வருவதில்லை. முந்தைய படத்திலிருந்து எது மாறியதோ அதுதான் வருகிறது. அசையாத சுவர் ஒருமுறை வந்தால் போதும். ஆனால் கொட்டும் மழையில் எல்லாமே ஒரே நேரத்தில் மாறும். இணைய லைன் தாங்காது. படம் கட்டம் கட்டமாக உடையும்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்தை நேரலையில் பார்த்தாலும் தாலி கட்டும்போதுதான் படம் சிதறும். லைனைத் திட்டாத ஆள் கிடையாது. லைன் பாவம், மண்டபமே சேர்ந்து அட்சதை வீசினால் அது என்ன செய்யும்? பக்கத்து இருக்கைச் சீன ஆன்டியிடம் இதைச் சொல்லாமல் அடக்கிக்கொள்ளப் படாத பாடு பட்டேன்.

அடுத்த மாதம் அக்காவுக்குக் கல்யாணம். கல்யாண வாரம் பார்த்து அம்மா, கிள்ளான் பக்கம் மேருவில் இருக்கும் எங்கள் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். முகூர்த்தத்தை மாற்றக் கூடாது என்று அவரே பிடிவாதம் பிடித்தார். தாலி கட்டுவதைப் போனிலாவது பார்த்துவிட்டால் போதும் என்றார். துணைக்குச் சித்தி இருந்தார். ஆனால் அந்த வார்டில் சிக்னல் இழுபறிதான்.

கல்யாணத்தன்று அம்மாவுக்குப் போனில் நேரலை காட்டும் பொறுப்பு எனக்கு. மணவறைக்குப் பின்னால் விட்டுவிட்டு மின்னிய விளக்குகளை முதலில் அணைக்கச் சொன்னேன். அட்சதையை என்ன செய்வது? இங்கேதான் காசு கொடுத்து வாங்கிய புத்தகம் கைகொடுத்தது. புதிய முறை ஒன்றைக் கொண்டுவந்தால், அதில் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் காரணத்தோடு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்கிறது அது. அட்சதைத் தட்டு ஏந்தும் அத்தைமாரிடம் ஓடினேன், மேளக்காரரிடம் ஓடினேன், ஐயரிடமும் ஓடினேன். கடைசியில் மைக் பிடித்திருந்த தாய்மாமாவிடம் வந்து நின்றேன்.

"மாமா, மூணு முடிச்சும் விழுற வரைக்கும் யாரும் அரிசி போட வேணாம்னு சொல்லுங்க. போட்டா அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாது."

கெட்டிமேளத்தோடு அரிசி விழாத கல்யாணம் உலகத்தில் உண்டா என்று மாமா முறைத்தார். ஆனாலும் மைக்கில் சொன்னார். ஆஸ்பத்திரியில் இருக்கும் தன் அக்கா பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

கெட்டிமேளம் முழங்கியது. மண்டபம் முழுக்க மூடிய கைகள் அப்படியே காத்திருந்தன. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனை அசையாமல் பிடித்தேன். மூன்றாம் முடிச்சு விழுந்ததும் மாமா கை காட்ட, அட்சதை கொட்டியது. இனி படம் எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று நானும் ஒரு பிடி அள்ளி வீசினேன்.

பந்தி ஆரம்பிப்பதற்குள் அம்மாவை அழைத்தேன். எல்லாம் பளிச்சென்று தெரிந்ததாம், மாப்பிள்ளையின் விரல் நடுங்கியதுகூட. நான் துள்ளிக் குதிக்காத குறை. பிறகு அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"ஏண்டி, தாலி கட்டுறப்ப ஒருத்தரும் அரிசி போடலையே? எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. சித்தி கொண்டாந்த அரிசிய நானே போன் மேல போட்டுட்டேன். கட்டிலெல்லாம் அரிசின்னு நர்ஸ் ஏசுறாங்க லா."

ஊருக்கெல்லாம் காரணம் சொன்ன நான் அம்மாவிடம் சொல்ல மறந்திருந்தேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அக்கா கழுத்தில் தாலி ஏறிய நேரத்தில் விழுந்த அட்சதை, அம்மா போட்டது மட்டும்தான்.