கெட்டிமேளத் தட்டு

1. இசைத்தட்டுக் கம்பெனியின் பத்தாம் ஆண்டுக்கு அப்பாவின் கடைக்குச் சுவர்க் கடிகாரம் வந்தது.
2. இருபதாம் ஆண்டுக்குக் காலண்டர் மட்டும்.
3. வெள்ளிவிழாவுக்கு, பழைய அரக்குத் தட்டுகளுக்குப் பதில் புதியவை தருவதாகக் கடிதம் வந்தது. அப்பா கட்டுக்கட்டாகக் கொடுத்தார்.

இன்று நான் மோட்டார் காயிலுக்கு அரக்கு வார்னிஷ் பூசும்போது, லாரிப் புழுதி படியப் படிய அப்பா தட்டுகளைத் துடைத்து அடுக்கிய எங்கள் வாளையார் ஒலிபெருக்கிக் கடையின் வாசனை எழுந்தது. மேளக்காரர் வைக்க வசதியில்லாத வீடுகள் தாலி கட்டும் நேரத்துக்கு அப்பாவின் கெட்டிமேளத் தட்டைத்தான் நம்பியிருந்தன. அதைத் தனியே எடுத்து வைத்ததாகவே அப்பா நினைத்திருந்தார். அடுத்த முகூர்த்தத்தில், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த பிறகுதான் அது கம்பெனிக்குப் போய்விட்டது தெரிந்தது. அப்பா கைக்குக் கிடைத்த புதுத் தட்டை ஓடவிட்டார்.

"ஏனுங்க, தாலி கட்டறப்ப சினிமாப் பாட்டா போடுவீங்க?" என்றார் பெண்ணின் மாமா.

"கம்பெனிக்கு வெள்ளிவிழாங்க, அதான் மாத்திட்டாங்க."

"அப்ப எங்கூட்டுல நடக்கறது கண்ணாலமில்லீங்களா, இழவுங்களா?"

பெண்கள் தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்து ஓசை எழுப்ப, தாலி ஏறியது. அதன்பின் எந்த வீடும் எங்களைக் கூப்பிடவில்லை.

இப்போது அதே கடையில் அப்பா லாரி பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றுகிறார். கல்யாணங்களுக்குப் போவதில்லை.